சான்று எங்கே?

"என் ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் திருமணமே நடக்கவில்லை என்கிறார்கள், அண்ணாச்சி!"

படிப்பகத்து வாசலில் நின்று இப்படிச் சொன்ன இளைஞருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். குரலிலே கோபம், கையிலே பழுப்பேறிய ஓர் அழைப்பிதழ். 1958ஆம் ஆண்டு அச்சானது. சுயமரியாதைத் திருமணம். ஐயர் வரவில்லை, அக்கினி வளர்க்கவில்லை, அம்மி மிதிக்கவில்லை. ஊரார் கூடியிருக்க, மணமக்கள் மாலை மாற்றிக் கொண்டார்கள், பெரியவர்கள் வாழ்த்திப் பேசினார்கள், பானகம் கொடுத்தார்கள், முடிந்தது. நாலாண்டு கழித்து மணமகனுக்குப் புத்தி மாறிற்று. புரோகிதரை அழைத்து, ஹோமம் வளர்த்து, இன்னொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி கைக்குழந்தையோடு பிறந்த வீடு சேர்ந்தாள்.

அந்தக் கைக்குழந்தையின் மகன்தான் நம் தோழர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் தாத்தாவுக்கு இருந்த நன்செய் இப்போது பாகப்பிரிவினை வழக்கில் நிற்கிறது. எதிர்த்தரப்பினர் தாக்கல் செய்த பதிலுரையில் ஒரு வாசகம்: முதலாமவள் மனைவியே அல்லள், சடங்கு எதுவும் நடக்கவில்லை, ஆகவே உறவு எதுவும் இல்லை. நிலம் போனாலும் போகட்டும், அந்த வாசகம் நிற்கக் கூடாது என்கிறார் தோழர். "ஆச்சி அந்தக் காலத்தில் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டாளாம். கோர்ட்டிலே எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த எழுத்தை எங்கே போய்த் தேடுவது?"

கேள்வி ஒரு குடும்பத்தினுடையதாகத் தோன்றலாம். தாமிரபரணிக் கரையிலே பிறந்த பல குடும்பங்களின் கேள்வி இது. இதற்கு விடை சொல்லப் புகுமுன் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது, ஏனெனில், "சடங்கு எங்கே? வழக்கம் எங்கே? சான்று எங்கே?" என்று நீதிமன்றம் கேட்கக் கற்றுக்கொண்டதிலே இந்தப் பொருநைக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

பழம்பெருமை பேசுவோர் இவ்வட்டாரத்துக் கல்வெட்டுகளைக் காட்டி மகிழ்வர். மகிழட்டும். திருநெல்வேலிக்கு அருகே மானூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் மாறன் சடையன் காலத்தது, கி.பி. 800ஐ ஒட்டியது. ஊர்ச்சபையில் பேசத் தகுதியுடையவர் யார் என்று அது வரையறை செய்கிறது. நிலத்திலே பங்கு இருக்கவேண்டும், வேதப் பயிற்சி இருக்கவேண்டும், தர்ம நூல் தெரிந்திருக்கவேண்டும். உழுதவன் பேசலாமா என்ற பேச்சே அங்கு இல்லை. உழுதவன் மனைவி? கேட்கவே வேண்டாம்! கல்லிலே எழுதினார்கள், காலத்தால் அழியாதபடி எழுதினார்கள். ஆனால் யாரை எழுதினார்கள் என்பதை மட்டும் நாம் மறந்துவிடலாகாது.

சாதாரணப் பெண்ணொருத்தி தன் வாயால் தன் வாழ்க்கையைச் சொல்ல, அதை ஓர் அதிகாரி எழுதிக்கொள்ளும் நிலை வந்தது பிற்காலத்தில். கும்பினி ஆட்சி நீதிமன்றங்களை அமைத்த பிறகு. 1801இல் பாளையக்காரர் போர் ஓய்ந்தது. 1802இல் சென்னை மாகாணத்துக்கு ஜில்லா நீதிமன்றங்களின் ஏற்பாடு வந்தது. அதன்பின் பாளையக்காரர் வழிவந்த ஜமீன்தார்கள் வாளை வைத்துவிட்டு வக்கீலைப் பிடித்துக்கொண்டார்கள்! வாரிசு யார், மூத்தவள் மகனா இளையவள் மகனா, தத்து செல்லுமா செல்லாதா, கட்டியவளா வைத்துக்கொண்டவளா என்று கட்டுக் கட்டாக வழக்குகள்.

வெள்ளைக்கார நீதிபதிக்கு நம் குடும்ப முறை தெரியாது. தெரிந்துகொள்ள யாரைக் கேட்டான்? உங்களையும் என்னையும் கேட்கவில்லை. நீதிமன்றத்திலேயே பண்டிதர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டான். மறவர் வீட்டு வழக்கானாலும், வேளாளர் வீட்டு வழக்கானாலும், நாடார் வீட்டு வழக்கானாலும் வடமொழி நூல்தான் அளவுகோல். 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டத்தால் அந்தப் பண்டிதர் பதவி ஒழிந்தது. பதவி ஒழிந்ததே தவிர, அவர் சொல்லிவிட்டுப் போனவை தீர்ப்புகளில் தங்கிவிட்டன.

இனி இரண்டு வழக்குகளைப் பார்ப்போம். இரண்டும் இந்தச் சீமையில் கிளம்பி, சென்னை உயர்நீதிமன்றம் கடந்து, கடல் தாண்டி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனவை.

ஒன்று, 1869இல் முடிந்தது. இந்திரன் வலங்கைப்புலித் தேவருக்கும் இராமசாமிப் பாண்டியத் தலைவருக்கும் நடந்த வழக்கு. ஜமீன்தார் ஒருவர் தம் சாதிக்கு வெளியே ஒரு பெண்ணை மணந்திருந்தார். அந்த மணம் செல்லுமா என்பதே கேள்வி. சாஸ்திரக்காரர்கள் 'சூத்திரர்' என்று ஒரே பட்டியில் அடைத்த சாதிகளுக்குள், ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினரை மணந்தால் அது சட்டப்படி செல்லும் என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. நம்மை இழிவு செய்ய இட்ட பெயர், ஒரு கலப்பு மணத்தைக் காப்பாற்றப் பயன்பட்ட விந்தையைப் பாருங்கள்! இந்த ஒரு தீர்ப்பைப் பற்றி நம் மேடைகளில் எவரும் பேசி நான் கேட்டதில்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது.

மற்றொன்று, அம்பாசமுத்திரத்தை அடுத்த ஊர்க்காட்டு ஜமீன் வழக்கு. இராமலட்சுமி அம்மாளுக்கும் சிவனணைந்த பெருமாள் சேதுராயருக்கும் இடையே நடந்து, 1872இல் முடிந்தது. ஜமீன் யாருக்கு? முதலில் பிறந்த மகனுக்கா, மூத்த மனைவி வயிற்றில் பிறந்த மகனுக்கா? "எங்கள் குடும்பத்து வழக்கப்படி மூத்தவள் மகனுக்கே" என்றது ஒரு தரப்பு. பிரிவி கவுன்சில் சொன்னதன் கருத்து இதுதான்: பொதுச் சட்டத்துக்கு மாறாக ஒரு தனி வழக்கத்தைக் காட்டுவோர், அது தொன்மையானது என்றும், இடையறாது வந்தது என்றும், ஐயத்துக்கு இடமின்றிச் சான்று கொண்டு மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க முடியவில்லை, வழக்கம் என்ற வாதம் விழுந்தது.

படிக்கும்போது நமக்கு இனிக்கிறதல்லவா? "முன்னோர் செய்தார்கள், ஆகவே செய்கிறோம்" என்று நீட்டி முழக்குவோரிடம் நாம் கேட்கும் கேள்வியை, ஊர்க்காட்டு ஜமீனிடம் பிரிவி கவுன்சில் கேட்டுவிட்டது. சான்று எங்கே? அன்று முதல் இந்தியா முழுவதும் நீதிமன்றங்களில் வழக்கம் என்று எவர் வாய் திறந்தாலும், பொருநைக் கரையிலிருந்து போன இந்த வழக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் தோழர்களே, கத்திக்கு இருபுறமும் கூர்மை இருக்கும். 1934இல் ஒரு திருமணம் சுயமரியாதை முறைப்படி நடந்தது. அது சொத்து வழக்கொன்றில் சிக்கி, தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற பெயரில் 1953இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது. சாஸ்திரச் சடங்கு நடந்ததா? நடக்கவில்லை. சடங்கில்லாமல் மணக்கும் வழக்கம் உண்டா? உண்டு என்றால் அது தொன்மையானதா? நேற்றுத் தோன்றிய இயக்கத்தின் முறை எப்படித் தொன்மையான வழக்கமாகும்? ஆகவே திருமணம் செல்லாது. பழமையை நோக்கி நீட்டப்பட்ட அதே கேள்வி, இப்போது புதுமையின் கழுத்தில் வைக்கப்பட்டது. எத்தனை வீடுகளில் இடி விழுந்தது! மாலை மாற்றி மனமொத்து வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற பெயரை இழந்தார்கள். பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தோர் ஆனார்கள். கைவிட எண்ணிய கணவனுக்கோ கதவு திறந்துவிட்டது: "ஹோமம் இல்லை, சப்தபதி இல்லை, ஆகவே இவள் என் மனைவி இல்லை!"

நம் தோழரின் தாத்தா அந்தக் கதவின் வழியாகத்தான் வெளியேறியிருக்கிறார்.

பதினான்கு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. அறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது, 1967ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் வந்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும் போதும். மாலை மாற்றினாலும் போதும். மோதிரம் அணிவித்தாலும் போதும். தாலி கட்டினாலும் போதும். அத்தோடு நிற்கவில்லை சட்டம். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், அவை நடந்த நாள் முதலாகவே செல்லும் என்றது. எந்த நீதிமன்றத்தின் எந்தத் தீர்ப்பு குறுக்கே நின்றாலும் செல்லும் என்றது. பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்களே என்றது. இடையில் அம்மணம் முறிக்கப்பட்டிருந்தாலோ, அந்தப் பெண் வேறொருவரைச் சட்டப்படி மணந்திருந்தாலோ மட்டும் விலக்கு. (இரண்டாம் வழியில் பிறந்தவர்கள் தெருவில் நிற்கவேண்டுமா என்று இரக்கத்தோடு கேட்போர் உண்டு. வேண்டாம். செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் தந்தையின் சொத்தில் உரிமை அளிக்கிறது அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு.)

இப்போது தோழரின் கேள்வி எவ்வளவு கனமானது என்பது விளங்கும். சட்டம் வந்துவிட்டது, ஆனால் 1958இல் மாலை மாற்றியது மெய்தானா என்பதற்குச் சான்று வேண்டும். மேடையில் இருந்தவர்கள் மறைந்துவிட்டார்கள். அழைப்பிதழ், மணம் நடக்க இருந்ததைச் சொல்லும், நடந்ததைச் சொல்லாது. அப்படியானால் நடந்ததை யார் சொல்வார்? எதிர்த்து நின்ற கணவனே சொல்லியிருக்கக் கூடும்! "சடங்கு எதுவும் செய்யவில்லை, மாலை மட்டும்தான் மாற்றினோம்" என்று அன்று தப்புவதற்காக அவர் எழுதிக்கொடுத்த பதில், இன்று 7-ஏ பிரிவின்படி திருமணத்துக்கு ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். அந்தக் காகிதம் எங்கே?

தேடும் வழியைச் சொல்கிறேன். முதலில் ஆண்டு, பிறகு ஊர், அப்புறம்தான் அலுவலகம். பலர் நேரே குடும்ப நீதிமன்றத்துக்குப் போய் நிற்கிறார்கள். குடும்ப நீதிமன்றங்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியவை. பத்து இலட்சம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்களில் கட்டாயமாகவும், மற்ற இடங்களில் அரசு தேவை எனக் கருதினால் அமைப்பதாகவும் ஏற்பாடு. திருநெல்வேலிக்கும் இன்று குடும்ப நீதிமன்றம் உண்டு. அங்கே ஆச்சியின் 1963ஆம் ஆண்டு வழக்கைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அந்தக் காலத்தில் ஜீவனாம்சம் கேட்ட பெண், பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டிடம் போனாள். 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 125 ஆயிற்று. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 144. எண் மாறினாலும் பெண்ணின் கண்ணீர் மாறவில்லை என்று எழுதத் தோன்றுகிறது, அது இருக்கட்டும். சொத்தின்மீது பொறுப்பு ஏற்றி ஜீவனாம்சம் கேட்டிருந்தால் முன்சீப் நீதிமன்றத்தில் அல்லது சார்பு நீதிமன்றத்தில் 'ஓ.எஸ்.' என்ற அசல் வழக்காக இருக்கும். மணமுறிவு, சேர்ந்து வாழக் கோருதல் ஆகியவை 1955க்குப் பிறகு 'எச்.எம்.ஓ.பி.' என்ற தலைப்பில் இருக்கும். சென்னை மாகாணத்தில் 1949லேயே இருதார மணத்தைத் தடுத்து, மணமுறிவுக்கும் வழிவகுத்த சட்டம் ஒன்று வந்தது. வடநாடு விழிக்குமுன் நம் மாகாணம் விழித்தது என்பதை நினைவிற் கொள்க. அந்த ஆறாண்டு வழக்குகளைத் தேடுவோர் அச்சட்டத்தின் பெயரால் தேடவேண்டும்.

கிறித்தவக் குடும்பமானால் வேறொரு சிக்கல். 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டப்படி, மாவட்ட நீதிமன்றம் அளித்த முறிவு உடனே முடிவாகாது. உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உறுதி செய்யவேண்டும். 2001இல்தான் இந்தச் சுற்றுவழி ஒழிந்தது. ஆகவே பாளையங்கோட்டைக் கிறித்தவக் குடும்பத்தின் பழைய வழக்கு உள்ளூரில் கிடைக்காவிடில் சென்னையில் தடம் இருக்கும். (கணவன் மணமுறிவு பெற மனைவியின் ஒரு குற்றம் போதும் என்றும், மனைவி பெறக் கணவனின் குற்றத்தோடு இன்னொரு குற்றமும் சேரவேண்டும் என்றும் அச்சட்டம் நெடுங்காலம் வைத்திருந்தது. வேதம் எதுவாயிருந்தால் என்ன, தராசு ஒரே பக்கம்தான் சாய்கிறது!)

ஊர் என்றேன். அதிலும் ஏமாறாதீர். பழைய திருநெல்வேலி மாவட்டம் இன்றைய திருநெல்வேலி மாவட்டம் அன்று. சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்தோடு போயின. தூத்துக்குடி 1986இல் பிரிந்தது. ஸ்ரீவைகுண்டமும் அதனோடு போயிற்று. தென்காசி 2019இல் பிரிந்தது, சங்கரன்கோவிலும் அதனோடு. ஆற்றின் ஒரு கரை நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கின் மேல்முறையீட்டுக் கட்டு, இன்று வேறு மாவட்டமாகிவிட்ட ஊரில் இருக்கலாம். குடும்பம் இன்று வாழும் ஊரைக் கொண்டு தேடாமல், கணவன் மனைவி கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் அன்று எந்த நீதிமன்ற எல்லையில் இருந்தது என்று பார்த்துத் தேடவேண்டும்.

எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிடில் அந்தந்த ஆண்டின் வழக்குப் பதிவேட்டைப் பார்க்கும்படி மனு கொடுக்கவேண்டும். வாதி, பிரதிவாதி பெயர்களை அன்றைய எழுத்து முறையில் எண்ணிப் பாருங்கள். சுப்பையா என்பவர் ஏட்டிலே சுப்பய்யராகவும் இருப்பார், தகப்பன் பெயரோடு மட்டும் இருப்பார், பட்டப் பெயரோடும் இருப்பார். பெண்ணின் பெயரோ பல ஏடுகளில் கணவன் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அண்மைக்கால வழக்கானால் மின்-நீதிமன்றத் தளத்தில் பெயரும் ஆண்டும் கொடுத்து, பதினாறு எழுத்தெண் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் கண்டுகொள்ளலாம், 1963ஆம் ஆண்டுக் கட்டை அங்கே தேடுவது வீண்.

எண் கிடைத்தபின் நகல் மனு. வழக்கில் கட்சிக்காரராக இருந்தவர் நேராகக் கேட்கலாம், நகலெடுக்கும் பிரிவில் மனு, அதற்குரிய முத்திரைத் தாள், கட்டணம், அவ்வளவுதான். கட்சிக்காரர் அல்லாதவர், எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி நீதிபதியின் உத்தரவு பெறவேண்டும். இறந்தவரின் வாரிசு என்றால் வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் இணைத்துவிட்டால் பேச்சுக் குறையும். பொது ஆவணத்தின் சான்றிட்ட நகல் பெறும் உரிமை 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவிலே இருந்தது. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் வந்துள்ள சட்டத்தின் 75ஆம் பிரிவிலே இருக்கிறது. நகல் கேட்பது கையேந்துவது அன்று. ஆகவே குமாஸ்தாவின் மேசை முன் குனிந்து நிற்கவேண்டாம். அதற்காக மேசையைத் தட்டவும் வேண்டாம்.

இளைஞர்கள் பலர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். நல்ல ஆயுதம்தான், இந்தக் களத்துக்கு உரியதன்று. நீதிமன்றக் கட்டுகளின் நகலை அந்தந்த உயர்நீதிமன்ற விதிகளின்படியே கேட்டுப் பெறவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. முப்பது நாள் காத்திருந்து "விதிப்படி மனுச் செய்க" என்ற ஒற்றை வரிப் பதிலை வாங்குவானேன்?

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். குடும்ப வழக்கு, பிறர் வீட்டுச் சாளரம் அன்று. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவும் மூடிய அறை விசாரணைக்கு இடம் தருகின்றன. பின்னது, விசாரணைச் செய்திகளை அச்சிடுவதையும் தடுக்கிறது. உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் அனுமதி பெற்று அச்சிடலாம். ஆய்வு என்ற பெயரால் ஊரார் வீட்டுக் கட்டை அவிழ்த்து, கூட்டத்திலே படித்துக் காட்டிக் கைதட்டல் வாங்க நினைப்பவர் நம்மிடையே இருந்தால், அவருக்கு நீதிபதி 'இல்லை' என்று சொல்வதே நியாயம். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் துயரம் நம் சொற்பொழிவுக்கு மேற்கோள் ஆகலாகாது.

சரி, கட்டு கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிடுமா? 1984க்குப் பிந்தைய கட்டுகளிலே ஒரு குறை. குடும்ப நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை முழுதாக எழுதவேண்டியதில்லை. சாரத்தை நீதிபதி குறித்துக்கொண்டால் போதும் என்கிறது 15ஆம் பிரிவு. வேகம் வேண்டும், வக்கீல் சிக்கல் குறையவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்தது. வரலாறு எழுதுவோருக்கோ அங்கே பெண்ணின் குரல் சன்னமாகிவிடுகிறது. பழைய முன்சீப் நீதிமன்றச் சாட்சியம், அவள் சொன்னதைச் சொன்னபடி, குறுக்கு விசாரணையில் அவள் தடுமாறியது வரை வைத்திருக்கும்.

அந்தப் பழைய கட்டுகள்தான் மறைந்துகொண்டிருக்கின்றன. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டம், எந்தக் கட்டை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று விதி செய்யும் அதிகாரத்தை உயர்நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. தீர்ப்பாணைக்கு நீண்ட ஆயுள். மனு, சாட்சியம், படித்தொகைக் கணக்கு ஆகியவற்றுக்குக் குறுகிய ஆயுள். சான்றாகக் கொடுத்த மூல ஆவணங்களை வழக்கு முடிந்தபின் கட்சிக்காரர் திரும்பப் பெற்றுப் போய்விடலாம். கல்யாணக் கடிதமும் புகைப்படமும் அப்படித்தான் கட்டை விட்டுப் போகின்றன. ஜமீன் வழக்குகளுக்கு இந்தக் கவலை இல்லை. இலண்டனுக்குப் போன வழக்கின் காகிதங்களை எல்லாம் புத்தகமாக அச்சிட்டார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் அவ்வகைப் புத்தகங்கள் அடுக்கி இருக்கின்றன. ஊர்க்காட்டு அரண்மனையின் சண்டை கண்ணாடி அலமாரியில்! மாதம் பதினைந்து ரூபாய் கேட்ட உழவன் மகளின் மனு, காலக்கெடு முடிந்ததும் கழிவுக் காகிதம்!

கட்டு போயிருந்தாலும் கை ஓய வேண்டியதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். விடுதலைப் பத்திரத்திலோ தானசெட்டில்மெண்டிலோ 'என் மனைவி' என்று எழுதிக் கையொப்பமிட்டவர், பிறகு இல்லை என்று சொல்லிப் பயன் என்ன? குழந்தையின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் யார் சொல்லி எழுதப்பட்டது என்று பாருங்கள். பழைய வாக்காளர் பட்டியலில் ஒரே வீட்டு எண்ணில் இரு பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இனி மணப்பவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எம்மதத்தவர் திருமணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். மேடையில் மாலை மாற்றுகிறோம், மைக்கில் முழங்குகிறோம், பதிவாளரிடம் போக மட்டும் மறந்துவிடுகிறோம். 2023இல் உச்சநீதிமன்றம் இளவரசன் வழக்கில், சுயமரியாதைத் திருமணத்துக்குப் பெருங்கூட்டமும் வெளிப்படையான அறிவிப்பும் கட்டாயமில்லை என்று விளக்கிவிட்டது; நாலு சுவருக்குள் நடந்தாலும் செல்லும். செல்லும் என்பது வேறு, நடந்தது என்று காட்டுவது வேறு.

நம் தோழர் கதைக்கு வருகிறேன். ஆற்றங்கரை ஊரொன்றின் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். மூன்று முறை நடந்தார். 1963ஆம் ஆண்டுப் பதிவேட்டில் ஆச்சியின் பெயரும் எண்ணும் ஒற்றை வரியில் இருந்தன. கட்டு விதிப்படி அழிக்கப்பட்டிருந்தது. சோர்ந்து போய் வந்தவரிடம், வயதான வக்கீல் குமாஸ்தா ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, உங்க ஆச்சி அப்பவே நகல் வாங்கியிருந்தா? வீட்டைத் தேடினீரா?"

தேடவில்லை. படித்த பிள்ளை நீதிமன்றம் நீதிமன்றமாகத் தேடினார். படிக்காதவளின் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. சித்தி வீட்டுப் பரணில் தகரப்பெட்டி இருந்தது. சேலைக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, இரண்டு தாள்கள். கணவன் கொடுத்த பதிலின் சான்றிட்ட நகல். சடங்கு எதுவும் செய்யவில்லை, பலர் முன்னிலையில் மாலை மாற்றியது தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்று அதில் இருந்தது. எழுத்தறியாத அந்தப் பெண், தன்னை மனைவியல்ல என்று சொன்ன காகிதத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

தாளின் பின்புறம் நகல் பிரிவின் முத்திரை. மனுச் செய்த நாள், முத்திரைத் தாள் கேட்ட நாள், கொடுத்த நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று ஐந்து தேதிகள், மங்கிய ஊதா மையில். ஊரிலிருந்து அந்த நீதிமன்றம் ஒன்பது மைல்.